செங்கல் மேட்டைப் படிப்பது எப்படி: வேலூரிலிருந்து பௌத்த ஸ்தூபம் பார்க்கக் கிளம்புவோருக்கு

பௌத்த ஸ்தூபம் பார்க்க ஆந்திரத்து அமராவதிக்குப் போய் வந்தவர்களை விசாரித்தால் பாதிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "என்னத்த சொல்ல, வட்டமா ஒரு செங்கல் மேடு. அரை மணி நேரத்துல பாத்துட்டு வந்துட்டோம்." காட்பாடியில் ரயில் ஏறி, குண்டூரில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்த இடத்தில் அரை மணி நேரம். போன வரிசைதான் தப்பு. முதலில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்தூபம் என்பது பௌத்தர்கள் வலம் வந்து வணங்கிய வட்ட மேடு, விகாரம் என்பது துறவிகள் தங்கிய கட்டடம். இடிந்த ஸ்தூபத்திலும் விகாரத்திலும் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அடித்தளமும் முழங்கால் உயரச் சுவரும்தான். அஸ்திவாரம் மட்டும் போட்ட மனையில் நின்றுகொண்டு "இது ஹால், இது சமையல்கட்டு, கதவு இந்தப் பக்கம் திறக்கும்" என்று மேஸ்திரி சொல்வாரே, அந்தக் கண் வேண்டும். அதைப் பழக்கிக்கொள்ள வட ஆற்காட்டுக்காரர்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் நம் மலைகள், அடுத்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகம், பிறகு அமராவதி, அதற்குப் பிறகு அதே ஆந்திரத்தின் நாகார்ஜுனகொண்டா. நான்கையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். ஓர் ஆண்டில் நிதானமாக முடித்தால் போதும்.

முதல் படி: நம் மலைகளில் கண்ணைப் பழக்குவது

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். வட ஆற்காட்டு மலைகளில் இன்று கண்ணுக்குத் தெரியும் துறவியர் பள்ளிகள் பெரும்பாலும் சமணருடையவை. பௌத்தம் இந்தப் பக்கம் இல்லாமல் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் அங்கே நூறு சங்காராமங்களும் (பௌத்த மடங்கள்) பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட இன்று காஞ்சியில் போய் நின்று பார்க்க முடியாது. நாம் மலைக்குப் போவது துறவிகள் தங்கிய இடம் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கற்க. அந்தப் பாடம் இரு சமயத்துக்கும் பொது.

எந்த மலைக்குப் போனாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தண்ணீர் எங்கே? பிச்சைக்குப் போன ஊர் எங்கே? மழை பெய்தால் தண்ணீர் எப்படி வெளியே போயிற்று? குகை வாயிலுக்கு மேலே பாறை நெற்றியைப் பாருங்கள். பல குகைகளில் புருவம் போல ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே வராமல் அந்த விளிம்பிலேயே சொட்டி விழுவதற்கு. தரையில் படுக்கை வெட்டியிருந்தால் ஒரு முனை சற்றே உயர்ந்திருக்கும், அது தலையணை. ஊர்க்காரர்கள் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். வழி கேட்கும்போது "சமணர் குகை" என்று கேட்டால் பலருக்குப் புரியாது. "பஞ்சபாண்டவர் மலை" என்று கேளுங்கள், சின்னப் பையன்கூடக் கை காட்டுவான்.

ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கம் பஞ்சபாண்டவர் மலையிலிருந்து தொடங்கலாம். கல்வெட்டில் இதன் பெயர் திருப்பான்மலை. அடிவாரத்தில் தூண் வரிசையும் பின்சுவரில் சிறு அறைகளுமாக ஒரு குடைவரை, வேலை முடியாமலே நிற்கிறது. முடியாத வேலை என்பது பழகுபவருக்குப் பெரிய வரம். உளி எங்கே நின்றது, தூணை முதலில் சதுரமாக எப்படி ஒதுக்கினார்கள் என்பதெல்லாம் அப்படியே தெரியும். மலையின் இன்னொரு பக்கத்தில் இயற்கைக் குகையும் சுனையும் இருக்கின்றன. அங்கே பல்லவ மன்னர் நந்திப்போத்தரசரின் 50ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. நாகநந்தி என்ற குரவர், அதாவது சமண ஆசிரியர், இருக்க, நாரணன் என்பவர் பொன்னியக்கியார் என்ற இயக்கியின் படிமத்தைச் செதுக்குவித்ததாகச் சொல்வது. கல்வெட்டில் 'குரவர் இருக்க' என்று வருவதைக் கவனியுங்கள். குகை அப்போது ஆள் வாழ்ந்த இடம்.

இரண்டாவது, காட்பாடி வட்டத்தில் மேல்பாடிக்குப் பக்கத்தில் உள்ள வள்ளிமலை. முருகன் கோயிலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் படியேறி, சாமி கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். சமணச் சிற்பங்கள் இருக்கும் பாறைக்குத் தனியாக வழி கேட்டுப் போக வேண்டும். கங்க மன்னன் ராசமல்லன் இங்கே ஒரு வசதியை, அதாவது சமணப் பள்ளியை, ஏற்படுத்தியதைக் கன்னடக் கல்வெட்டு சொல்கிறது. படிமத்தின் காலடியிலேயே அதைச் செய்வித்த சமணத் துறவி அச்சணந்தியின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. புடைப்பு ஆழமில்லாத சிற்பங்கள் இவை. உச்சி வெயிலில் போனால் முகம் தட்டையாகத் தெரியும், படம் எடுத்தாலும் ஒன்றும் தேறாது. காலை எட்டு மணிக்குள் பக்கவாட்டில் வெயில் விழும்போது மூக்கும் உதடும் எழுந்து நிற்கும். நிழலில் இருக்கும் சிற்பத்துக்கு ஒரு டார்ச் போதும். நேராக அடிக்காமல், சுவரை ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து அடியுங்கள். தேய்ந்த எழுத்துகூட மேலெழும்.

மூன்றாவது, போளூர் பக்கத்துத் திருமலை. ஏறக்குறைய 16 அடி உயர நேமிநாதர் சிலை, குந்தவை பெயரால் விளங்கும் ஜினாலயம் (சமணக் கோயில்), பழைய ஓவியங்கள், ராஜேந்திர சோழனின் வடதிசை வெற்றிகளைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டு என்று ஒரு நாள் முழுவதற்கும் விஷயம் உண்டு. இது இன்றும் வழிபாடு நடக்கும் இடம், பக்கத்திலேயே மடம் இருக்கிறது. அசைவப் பொட்டலம், தோல் பை எதையும் கொண்டு போகாதீர்கள். ஓவியத்துக்குப் பிளாஷ் அடிக்கவே கூடாது. இதற்கு மேல் ஆர்வம் இருந்தால் ஆம்பூர் பக்கம் மலையாம்பட்டு அருமாமலைக் குகை இருக்கிறது, தேசூர் பக்கம் சீயமங்கலம் இருக்கிறது. அருமாமலையில் குகைக்குள்ளேயே மண்சுவர் எழுப்பி அறை தடுத்திருப்பதைத் தவறவிடாதீர்கள். இயற்கைக் குகை எப்படிக் கட்டடமாக மாறத் தொடங்குகிறது என்று அங்கே கண்ணால் பார்க்கலாம்.

புத்தரா, தீர்த்தங்கரரா?

ஊரில் அமர்ந்த சிலை எதுவாக இருந்தாலும் "புத்தர் சிலை" என்றுதான் சொல்வார்கள். தலைக்கு மேல் முக்குடை இருந்து, உடம்பில் ஆடைக் கோடே இல்லாவிட்டால் தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்கும் அருகர். தலைக்கு மேல் படமெடுத்த பாம்பு இருந்தால் பெரும்பாலும் பார்சுவநாதர். இடது தோளிலிருந்து மார்பின் குறுக்கே ஆடை விளிம்பு ஓடினால், உச்சந்தலையில் முடிச்சோ தீச்சுடரோ இருந்தால் புத்தர். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலால் தொடாமல், தோள்பட்டையிலும் கணுக்காலிலும் டார்ச் அடித்து ஆடை விளிம்பைத் தேடுங்கள். தேய்ந்த சிலையில்கூட அந்த இரண்டு இடத்தில் கோடு தங்கியிருக்கும்.

இரண்டாம் படி: எழும்பூர்

அமராவதிக் கற்களில் பெரும்பகுதி இன்று அமராவதியில் இல்லை. 1790களில் அங்கே புதிதாக ஊர் எழும்பியபோது மேட்டைத் தோண்டிச் செங்கல்லும் பலகைக்கல்லும் எடுத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி அந்தச் சமயத்தில்தான் முதலில் போனார். 1816இல் மறுபடி ஆட்களோடு போய் வரைபடங்கள் எடுத்தார். 1845இல் இன்னொரு அதிகாரி வால்டர் எலியட் தோண்டியெடுத்து மதராசுக்கு அனுப்பிய கற்களில் ஒரு பெரும் தொகுதி 1859இல் லண்டன் போயிற்று. இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றொரு பெரும் தொகுதி எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில். நமக்குக் காட்பாடியில் காலை ரயில் ஏறினால் போய்ச் சேரும் தூரம். வெள்ளிக்கிழமை விடுமுறை, தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்காது. கிளம்பும் முன் போன் செய்து அமராவதிக் கூடம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே போய் எல்லாக் கல்லையும் பார்க்க வேண்டாம். முதலில் ஸ்தூபத்தின் உருவமே செதுக்கிய பலகைக் கல்லைத் தேடுங்கள். கட்டடம் முழுசாக நின்றபோது எப்படி இருந்தது என்று சிற்பிகளே செதுக்கி வைத்த படம் அது. அதன் முன் நின்று கீழிருந்து மேலாக உறுப்புகளைப் பெயர் சொல்லிப் பழகுங்கள். தரையில் சுற்றிவர நிற்கும் கல்வேலி வேதிகை. அதற்கும் ஸ்தூபத்துக்கும் நடுவே வலம் வரும் பாதை. பிறகு உருளை வடிவ அடிப்பகுதி, இதை மேதி என்பார்கள். மேதியிலிருந்து நான்கு திசையிலும் துருத்தி நிற்கும் மேடை ஆயகம். ஒவ்வொரு ஆயகத்தின் மேலும் ஐந்து தூண்கள். புத்தரின் பிறப்பு, துறவு, ஞானம், முதல் உபதேசம், பரிநிர்வாணம் என்று ஐந்துக்கும் ஐந்து. அதற்கு மேல் கவிழ்த்த பானை போன்ற அண்டம், அண்டத்தின் உச்சியில் சதுர ஹர்மிகை, அதன் நடுவிலிருந்து எழும் கம்பமும் குடையும். சாஞ்சிப் படம் பார்த்துப் பழகியவர்கள் வாசலில் பெரிய தோரணம் தேடுவார்கள். அமராவதியில் அது கிடையாது. சிங்கம் காக்கும் வாசலும் ஆயகத் தூண்களும்தான் ஆந்திர ஸ்தூபங்களின் அடையாளம்.

வேதிகையை மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் பாருங்கள். நிற்கும் தூண், தூணுக்குத் தூண் குறுக்கே செருகிய மூன்று குறுக்குக்கல், எல்லாவற்றுக்கும் மேலே ஓடும் உஷ்ணீஷக் கல். தூணின் பக்கவாட்டில் பாதாம் பருப்பு வடிவத்தில் குழி இருக்கும். குறுக்குக்கல்லின் முனை அதில்தான் உட்காரும். தச்சர் மரத்தில் செய்வதைக் கல்லில் செய்திருக்கிறார்கள். நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் வட்டச் சிற்பமும் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் இடது பக்கம் யானை தெருவில் வெறிகொண்டு ஓடுகிறது, ஆட்கள் சிதறுகிறார்கள், மாடத்திலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வலது பக்கம் அதே யானை புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. அந்த ஒரு கல்லுக்கே பதினைந்து நிமிடம் ஒதுக்கலாம்.

ஸ்தூபப் பலகைக் கல்லை நேராக நின்று ஒரு படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அமராவதியில் அதுதான் உங்கள் வரைபடம்.

மூன்றாம் படி: அமராவதி

முதலில் எந்த அமராவதி என்பதைச் சரிபாருங்கள். கூகுள் மேப்பில் வெறுமனே அமராவதி என்று போட்டால் ஆந்திரத்தின் புதிய தலைநகர்ப் பகுதிக்குக் கொண்டுபோய் விடலாம். தமிழில் தேடினால் உடுமலைப் பக்கத்து அமராவதி அணையே வந்து நிற்கும். நமக்கு வேண்டியது கிருஷ்ணா நதியின் தென்கரையில், அமரேஸ்வரர் கோயில் இருக்கும் பழைய அமராவதி. ஆட்டோவிலும் பஸ்ஸிலும் "அமரேஸ்வர சுவாமி குடி" என்று சொல்லிவிடுங்கள். குண்டூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. கேரளத்திலிருந்து காட்பாடி வழியாக வரும் சபரி எக்ஸ்பிரஸ் குண்டூர் வழியே போகிறது. விஜயவாடாவில் இறங்குவதானால் கேரளா எக்ஸ்பிரஸ் உள்படப் பல வண்டிகள் இருக்கின்றன. கால அட்டவணையும் வண்டி எண்ணும் மாறுவதுண்டு, முன்பதிவு செய்யும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமராவதியின் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை. இங்கே வெள்ளி, எழும்பூரில் வெள்ளி, நாகார்ஜுனகொண்டாவில் வெள்ளி. சுற்றுலாத் திட்டம் போடும்போது முதலில் வெள்ளியைக் காலண்டரில் அடித்துவிட்டு மற்ற நாளை எண்ணுங்கள்.

ஸ்தூபத்துக்குள் நுழைந்ததும் நடுவே ஓடாதீர்கள். வெளிவட்டத்தில் நின்று போன் திசைகாட்டியை எடுத்துக் கிழக்கைக் கண்டுபிடியுங்கள். பிறகு வலமாக ஒரு சுற்று, காலடியை எண்ணிக்கொண்டே நடங்கள். மேதியின் விட்டம் சுமார் 50 மீட்டர். வலம் வரும் பாதையில் ஒரு சுற்றுக்கு இருநூறு காலடிக்கு மேல் வரும். பாதிச் சுற்றிலேயே இந்தக் கட்டடம் எவ்வளவு பெரியது என்பது காலுக்குத் தெரிந்துவிடும். சாஞ்சியின் பெரிய ஸ்தூபமே விட்டம் 36.6 மீட்டர்தான். நடக்கும்போது திசைக்கொன்றாக மேதி வெளியே துருத்தும் இடத்தில் நில்லுங்கள். அதுதான் ஆயக மேடை. எழும்பூரில் எடுத்த படத்தைத் திறந்து ஐந்து தூண்களையும் அதன் மேல் மனதால் நிறுத்திப் பாருங்கள்.

இரண்டாவது சுற்றில் தரையைப் பாருங்கள். வேதிகைத் தூண்களின் அடிக்கட்டை சில இடத்தில் நிற்கிறது, சில இடத்தில் பலகைக் கற்களை மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். எது பழசு, எது பராமரிப்பில் சேர்ந்தது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். பழைய செங்கல் நம் வீட்டுச் செங்கல்லைப் போல இரண்டு மடங்கு நீளம், தட்டையானது. நாகார்ஜுனகொண்டாச் செங்கல் 20 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 3 அங்குலக் கனம் என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். விளிம்பு கூர்மையாக, நிறம் ஒரே சீராக, இடுக்கில் சாந்து புதிதாக இருந்தால் அது அண்மைக்காலப் பராமரிப்பு. பலகைக் கல் குண்டூர்ப் பக்கத்துப் பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல், வெளிர்பச்சை கலந்த வெள்ளை. பளிங்கு என்று பல பலகையிலும் எழுதியிருக்கும், பளிங்கு அல்ல. வெயிலிலும் மழையிலும் அடுக்கடுக்காக உரியும் கல் அது. அதனால்தான் கை வைக்கவோ சாய்ந்து உட்காரவோ கூடாது.

அமராவதிக் கல்வெட்டுகளில் ஒன்றில் தமிள கண்ஹன் என்ற பெயர் வருகிறது. தமிழரான கண்ஹனும் உடன்பிறந்தாரும் சேர்ந்து கொடுத்த கல் அது. இங்கே கொடை கொடுத்தவர்களில் அரசர் குறைவு. வணிகர், கைவினைஞர், பிக்குணிகள், ஊர்க் குடும்பங்கள் என்று சாதாரண ஆட்களின் பெயர்தான் நிறைய. மலையில் கேட்ட அந்த மூன்று கேள்விகளை இங்கேயும் கேளுங்கள். தண்ணீருக்குக் கிருஷ்ணா நதி பக்கத்திலேயே ஓடுகிறது. பிச்சைக்கும் கொடைக்கும் பக்கத்து தரணிகோட்டை, அந்நாளில் வணிகம் நடந்த நகரம். விளாப்பாக்கத்துச் சுனையும் கிருஷ்ணா கரையும் ஒரே கணக்குதான், அளவுதான் வேறு.

ஸ்தூபத்துக்கு இரண்டு மணி நேரம், அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். காலையில் ஸ்தூபம், வெயில் ஏறியதும் அருங்காட்சியகம். திருப்பிச் செய்தால் தலைவலியோடுதான் பஸ் ஏறுவீர்கள்.

நான்காம் படி: நாகார்ஜுனகொண்டாவில் விகாரம் படிப்பது

அமராவதியில் ஸ்தூபம் கற்கலாம், துறவிகள் வாழ்ந்த விகாரத்தைக் கற்க நாகார்ஜுனகொண்டாதான். இது இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகர் விஜயபுரி இருந்த பள்ளத்தாக்கு. 1926இல் அடையாளம் தெரிந்தது, தொல்லியல் அதிகாரி லாங்ஹர்ஸ்ட் 1927 முதல் 1931 வரை தோண்டினார். நாகார்ஜுனசாகர் அணை எழும்பியபோது பள்ளத்தாக்கே நீருக்குள் போகப் போகிறது என்று 1954 முதல் 1960 வரை பெரிய அளவில் அகழாய்வு நடந்தது. முக்கியமான கட்டடங்களைச் செங்கல் செங்கல்லாகப் பெயர்த்து மலையுச்சியிலும் கரையில் அனுப்பு என்ற இடத்திலும் மறுபடி கட்டினார்கள். அந்த மலையுச்சிதான் இன்று தீவு. ஆகவே அங்கே திசையையும் சுற்றுப்புறத்தையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கட்டடத்தின் அமைப்பை மட்டும் படியுங்கள்.

விகாரத்தில் முதலில் நடுமுற்றத்தில் போய் நில்லுங்கள். சுற்றிலும் வரிசையாகச் சிறு அறைகள், நடுவே தூண் மண்டபத்தின் அடிக்கற்கள். ஏதாவது ஓர் அறையின் வாசலுக்கு வந்து குனிந்து பாருங்கள். வாசற்படிக் கல்லின் ஓரத்தில் வட்டக் குழி இருந்தால் கதவுக்குடுமி சுழன்ற இடம் அது. எந்தப் பக்கம் குழி என்று பார்த்தால் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று தெரியும். அறையை உங்கள் காலால் அளந்து பாருங்கள். ஒருவர் படுக்க, பக்கத்தில் கொஞ்சம் சாமான் வைக்க, அவ்வளவுதான் இடம். பிறகு முற்றத்து மூலையில் வடிகால் எங்கே வெளியேறுகிறது என்று தேடுங்கள். குகை நெற்றியில் பார்த்த காடி இங்கே வாய்க்காலாகியிருக்கிறது. அறை வரிசையை விட்டு விலகி, பெரிதாக, வேறு மாதிரி ஒரு கூடம் இருந்தால் அது உணவுக்கூடமாகவோ சரக்கறையாகவோ இருக்கலாம்.

விகாரத்தை ஒட்டி ஒரு முனை நேராகவும் மறுமுனை அரைவட்டமாகவும் உள்ள கட்டடம் சைத்தியம், வழிபடும் இடம். இந்த வடிவத்துக்கு நம் மொழியில் அழகான பெயர் உண்டு: தூங்கானை மாடம். யானை படுத்திருக்கும் முதுகைப் பின்னாலிருந்து பார்த்த மாதிரி. பழக்கமான உதாரணம் வேண்டுமானால் திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலின் பின்புறத்தையும் ரேணிகுண்டா பக்கத்துக் குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயிலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டும் பழைய வட ஆற்காட்டு நிலம்தான். நாகார்ஜுனகொண்டாவில் சில விகாரங்களில் இரண்டு தூங்கானை மாடங்கள் எதிரெதிரே நிற்கும். ஒன்றில் சிறு ஸ்தூபம், மற்றதில் புத்தர் சிலை. படியின் அடியில் அரைவட்டச் சந்திரக்கல் இருந்தால் இலங்கைத் தொடர்பை நினைத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பிக்குகளுக்கென்றே இங்கே ஒரு சீஹள விகாரம் இருந்தது.

இங்குள்ள ஸ்தூபங்களின் அடித்தளம் வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கும். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால் போலச் சுவர்கள், வெளியே வட்டம். இடைவெளியில் மண்ணைக் கொட்டி இறுக்கினார்கள். முழுவதும் செங்கல்லால் நிரப்பினால் ஆகும் செலவில் ஒரு பகுதியிலேயே வேலை முடிந்தது, மண்ணின் அழுத்தத்தையும் ஆரக்கால் பிரித்துத் தாங்கிற்று. இங்குள்ள பெரிய ஸ்தூபமான மகாசைத்தியத்தின் விட்டம் 106 அடி. அரச குடும்பத்துப் பெண் சாந்திசிறி அதற்குக் கொடை கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது.

தீவுக்குப் படகு ஆந்திரக் கரையில் விஜயபுரி சவுத்திலிருந்து போகிறது. தண்ணீர் மட்டம், காற்று, சேர்ந்த ஆள் கணக்கு எல்லாவற்றையும் பார்த்துத்தான் விடுவார்கள். முதல் நாளே கேட்டு வைத்து, முதல் படகைப் பிடியுங்கள். படகு இறக்கிவிட்டுத் திரும்பும் நேரத்தைக் கேட்காமல் இறங்காதீர்கள். பலரும் மாட்டுவது இங்கேதான். ஒரு மணி நேரம்தான் கொடுத்தார்கள் என்றால் அருங்காட்சியகத்துக்கே அது பத்தாது. அடுத்த படகில் திரும்பலாமா என்று சீட்டு வாங்கும்போதே பேசிவிடுங்கள். படகு இல்லாத நாளில் மனம் தளர வேண்டாம். அனுப்பு கரையிலேயே இருக்கிறது, சாலை வழி போகலாம்.

வெயில், தேனீ, சட்டம்

நம் மலைகளுக்கு ஜனவரி, பிப்ரவரி நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வந்தால் பாறையில் பாசி வழுக்கும், ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் கால் போகும். அக்னி நட்சத்திரத்தில் எங்கேயும் வேண்டாம். பல்நாட்டு வெயில் நம் வேலூர் வெயிலுக்கு அண்ணன். ஓர் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தொப்பி, டார்ச், சிறு அளவுநாடா, நோட்டுப் புத்தகம், பிஸ்கட். செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களுக்குத் தடித்த காலுறை ஒரு ஜோடி. மலைக்குகைகளில் மலைத்தேனீக் கூடு இருக்கும். சென்ட் அடித்துக்கொண்டு போகக் கூடாது, புகை போடக் கூடாது, கூச்சல் கூடாது. கூட்டைப் பார்த்தால் படம் எடுக்க நிற்காமல் திரும்பிவிடுங்கள், குகை எங்கேயும் போகாது.

தேய்ந்த கல்வெட்டில் சாக்பீஸ் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, எண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். எழுத்து ஒரு நாள் பளிச்சென்று தெரியும், கல்லின் தோல் அதோடு போகும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. உடைந்த செங்கல் துண்டு, பானை ஓடு என்று நினைவுக்கு எடுத்து வருவதும் கூடாது. எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பு, வீட்டு அலமாரிக்கு வந்தால் அது வெறும் ஓடு. உழவு வேலையில் சிலையோ காசோ கிடைத்ததாக யாராவது காட்டினால் வாங்காதீர்கள், விலை பேசாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லச் சொல்லுங்கள். போன் கேமராவுக்குப் பொதுவாகத் தடையில்லை. முக்காலி வைக்கவும் டிரோன் பறக்கவிடவும் முன்கூட்டி அனுமதி வேண்டும்.

ஸ்தூபத்தின் மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களைப் பார்ப்பீர்கள். அதன் கருவில் புத்தரின் எச்சத்தைப் பொற்பேழையில் வைத்துக் கட்டியவர்கள் உண்டு. அமராவதியில் 2006இல் தலாய் லாமா காலசக்கரம் என்ற பௌத்தச் சடங்கை நடத்தியபோது பல நாட்டுப் பக்தர்கள் வந்து வணங்கிய இடம் அது. கோயில் விமானத்தின் மேல் ஏற மாட்டோம் அல்லவா, அதே மரியாதை இதற்கும் உண்டு.

நாள் கணக்கு

அமராவதியும் நாகார்ஜுனகொண்டாவும் சேர்த்துப் போவதானால் நான்கு நாள் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமையைப் பயணத்தில் கழியுங்கள். சனிக்கிழமை அமராவதி, இரவு குண்டூரில் தங்கல். ஞாயிறு விடியலில் கிளம்பினால் மாச்சர்லா வழியாகக் காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும், படகும் தீவும் முடிந்து மாலையில் அனுப்பு. அன்று இரவே ரயில் பிடிக்கிறோம் என்று டிக்கெட் போடாதீர்கள். படகு தாமதமானால் மொத்தமும் சரியும். திங்கள் திரும்புவதாக வையுங்கள். இன்னும் ஒரு நாள் கிடைத்தால் ஏலூர்ப் பக்கம் குண்டுபள்ளி. பாறையில் குடைந்த வட்டச் சைத்தியத்தின் கூரையில் மர விட்டம் போலவே கல்லில் வெட்டியிருப்பார்கள். அங்கே உள்ளே போனதும் டார்ச்சை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். கண் பழகியதும் வாசல் வெளிச்சத்திலேயே விட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும்.